மேஸ்திரியின் காது

மேஸ்திரியின் உடம்புக்குள் இருப்பது அவருடைய அக்காவின் கிட்னி என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் இருக்க அக்கா விட்டால்தானே! கடையில் பக்கத்தில் நிற்கிறவள் யாராவது "தம்பி எப்படி இருக்கார்?" என்று ஒப்புக்குக் கேட்டுவைத்தால் போதும். "அவனுக்கென்ன? என் கிட்னி இன்னைக்குக் காலையிலேயே மூணு மாடி ஏறி எறங்கிடுச்சு. எனக்குத்தான் பஸ் படி ஏறினா மூச்சு வாங்குது" என்பாள். கடைக்காரருக்கே சிரிப்பு வந்துவிடும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவளிடம் கொடு என்று யாரும் கேட்கவில்லை. டயாலிசிஸ் முடிந்து மேஸ்திரி வாடின கீரை மாதிரி சுருண்டு கிடந்த ஒரு நாள், அவளாகவே ஆஸ்பத்திரிக்குப் போய், "என்னோடது அவனுக்குச் சேருமான்னு பாருங்க" என்று கையை நீட்டியிருக்கிறாள். சேர்ந்தது. அவளுக்குச் சட்டைக் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற சட்டையைப் புரட்டிப் பார்த்துக் கோணல் தையலையும் விட்டுப்போன பொத்தானையும் பிடிக்கிற வேலை. ஆபரேஷன் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று சூப்பர்வைசரிடம், "ஒண்ணு கம்மியா இருக்குன்னு என்னை ரிஜெக்ட் பண்ணிடாதீங்க" என்றவள் அவள்.

மேஸ்திரிக்குக் கட்டட வேலை. முப்பது வருஷமாகச் செங்கல், சிமெண்ட், வெயில். சாதாரணக் கொத்தனாராக இருந்து, பத்து இருபது பேரை வைத்து வேலை வாங்குகிற மேஸ்திரி ஆனவர். அவர் போட்ட மொட்டைமாடித் தளத்தில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தால் அது போகவேண்டிய ஓட்டையைத் தேடிக்கொண்டு தானாகப் போகும். நடுவில் எங்காவது தேங்கி நின்றதாக ஒருத்தரும் சொன்னதில்லை. அந்தப் பெருமை அவருக்கு நிறைய உண்டு. புது வீட்டைத் தாண்டிப் போகும்போது அவர் கண் சுவரைப் பார்க்காது, தளத்தின் ஓரத்தைத்தான் பார்க்கும்.

கிட்னி வந்தது. கூடவே மாத்திரைகளும் வந்தன, ஆயுசுக்கும். அந்த மாத்திரைகள் முதலில் அவர் முகத்தை ஊதிப் பெருக்கின. முதுகெல்லாம் பரு. "நாப்பது தாண்டித்தான் எனக்கு மீசை மொளைக்கிற வயசு வந்திருக்கு" என்று சிரித்தார். பிறகு முகம் வற்றியது, தோல் மெலிந்தது. செங்கல் லேசாக உரசினாலே முழங்கைத் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்துவிடும். இடித்துக்கொண்ட ஞாபகமே இல்லாத இடத்தில் ஊதா நிறத்தில் ரத்தம் கட்டும். விரல் முட்டிகளில் மருக்கள் கிளம்பின. ஒன்றைச் சுட்டால் பக்கத்தில் இரண்டு. அதற்கும் ஒரு பேச்சு வைத்திருந்தார். "கன்னத்துல ஒரு மரு ஒட்டிக்கிட்டாலே மாறுவேஷமாம். எனக்கு இத்தனை இருக்கு. என் பெண்டாட்டியே என்னைக் கண்டுபிடிக்க முடியாது."

வெயிலில் நிற்காதே, முழுக்கைச் சட்டை போடு, அகலத் தொப்பி போடு, கிரீம் பூசு என்று ஆஸ்பத்திரியில் ஆரம்பத்திலேயே சொல்லித்தான் அனுப்பினார்கள். "மூஞ்சிக்குக் கிரீம் பூசிக்கிட்டுப் போய்க் கலவை போடச் சொல்றாங்க" என்று அதை அலமாரியில் வைத்தவர், அது கெட்டுப்போகும்வரை எடுக்கவில்லை. தலையில் ஒரு துண்டு. அவ்வளவுதான் அவர் செய்துகொண்ட ஏற்பாடு.

அந்த வருஷம் வெயில் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டது. காலை ஒன்பது மணிக்கே கம்பியைத் தொட்டால் கை சுட்டது. பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு கூடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் தூணே இல்லாத அகலமான கூடம். குறுக்கே பெரிய பெரிய பீம்கள். மேஸ்திரி அதுவரை போட்டதிலேயே பெரிய தளம் அதுதான். சவுக்குக் கழிகளை முட்டுக் கொடுத்து, பலகை பரப்பி, சென்ட்ரிங் வேலை நடந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி வீட்டில் சாப்பிடுவது அக்காவுக்கு வழக்கம். அன்றைக்கும் வந்தாள். கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தவள் தம்பியைப் பார்த்தாள்.

"வீட்டுக்குள்ள எதுக்குடா தலையில துண்டு?"

"வேர்வைக்கு."

"ஃபேன் ஓடுதே."

"பழக்கம்கா."

மேஸ்திரியின் மனைவி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியைப் பாத்திரத்தில் போட்ட சத்தம் சாதாரணமாக இல்லை. அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னம்மா?"

"உங்க தம்பியையே கேளுங்க அண்ணி. எனக்குச் சொல்ல உத்தரவு இல்லை."

அதற்கு மேல் கேட்க அக்காவுக்கு என்ன இருக்கிறது? எட்டித் துண்டை இழுத்தாள். ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. மேஸ்திரி "ஸ்ஸ்" என்றார். இடது காதின் மேல் வளைவில் கடலைப் பருப்பு அளவுக்கு ஒரு புண். நடுவில் கொம்பு மாதிரி தடித்த பொருக்கு, சுற்றிலும் கசிவு.

"எப்போலேர்ந்து?"

"தகரம் கீறிடுச்சு."

"எப்போலேர்ந்துன்னு கேட்டேன்."

"மழை விட்டதுலேர்ந்து இருக்கு அண்ணி" என்றாள் மனைவி. இனி உத்தரவு தேவையில்லை. "தலகாணி உறையில ரத்தம். கேட்டா கொசு அடிச்சேங்கறாரு. அவ்வளவு பெரிய கொசு!"

"நாளைக்கு ஆஸ்பத்திரி" என்றாள் அக்கா.

"தளம் முடியட்டும்கா. சென்ட்ரிங்கே இன்னும் பாக்கி இருக்கு. தளம் போட்ட மறுநாள் நானே போறேன்."

"தளம் எங்கயும் ஓடிப்போகாது."

"காது மட்டும் ஓடிப்போயிடுமா?"

"உன் வாய்க்கு வாயிலதான்டா புண்ணு வந்திருக்கணும். தப்பா காதுல வந்திருக்கு. சாப்பிடு."

தோல் டாக்டர் சின்ன வயசுப் பெண். மேஸ்திரியைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை ஒரு இடம் விடாமல் பார்த்தார். காதிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் மேஸ்திரி, மனைவி, அக்கா மூன்று பேரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"இது தோல்ல வர்ற கேன்சர். பயப்படாதீங்க, காதோட நிக்குது. கழுத்துல நெறி எதுவும் கட்டலை, அது நல்ல சேதி. அந்த ஓரத்தை வெட்டி எடுத்துடலாம்."

"நான் பீடி சிகரெட் எதுவும் தொட்டதில்லையே டாக்டர்."

"இதுக்கு அது காரணமில்லை. முப்பது வருஷ வெயில் ஒரு பக்கம், எட்டு வருஷ மாத்திரை ஒரு பக்கம். உங்க அக்கா குடுத்த கிட்னியை வேத்தாள்னு உடம்பு அடிச்சுத் தள்ளாம இருக்கணும் இல்லையா? அதுக்காக உடம்போட காவலை மாத்திரை அடக்கி வெச்சிருக்கு. வெயில்ல கெட்டுப்போற தோலைக் கவனிச்சுக்கிட்டு இருந்ததும் அதே காவல்தான். இப்ப அதுக்கு ஆள் இல்லை."

"அப்ப மாத்திரையை நிறுத்தினா?" என்று கேட்டாள் மனைவி.

"நிறுத்தவே கூடாது. கிட்னி போயிடும். ஆனா மாத்தலாம். கிட்னி டாக்டர்கிட்டயும் பேசிட்டேன். பழசைக் கொஞ்சம் கொஞ்சமா விலக்கிட்டு வேற ஒண்ணு குடுப்போம். அதுல தோலுக்கு இந்த ஆபத்து குறைவு. ஆனா மாத்துற சமயத்துல கிட்னி முரண்டு பிடிக்க ஒரு வாய்ப்பு இருக்கு. குறைவுதான். இல்லவே இல்லைன்னு நான் சொல்லமாட்டேன்."

மேஸ்திரி இடது காதைத் தொட்டுப் பார்த்தார்.

"காதை வெட்டிடுங்க டாக்டர். மாத்திரை பழையபடியே இருக்கட்டும்."

"அப்படியே இருந்தா இது திரும்பவும் வரும். உதட்டுல வரலாம், நெத்தியில வரலாம். உங்க வலது புறங்கையில ரெண்டு இடம் இப்பவே எனக்குப் பிடிக்கலை."

"வந்தா அதையும் வெட்டிக்கலாம்."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் மனைவி பிடித்துக்கொண்டாள். "நீங்க பாட்டுக்குக் காது, கை, உதடுன்னு துண்டு துண்டா அறுத்துக் குடுத்துக்கிட்டே இருப்பீங்க. மிச்சம் இருக்கிறதை வெச்சுக்கிட்டு நான் குடும்பம் நடத்தணும், அப்படித்தானே? ஏன் மாத்திரையை மாத்தக் கூடாது? வாயைத் தொறந்து சொல்லுங்க." மேஸ்திரிக்கு அது அவளிடம் சொல்கிற காரியம் இல்லை. மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரம் பார்த்துச் சட்டைக் கம்பெனி வாசலுக்குப் போனார்.

கம்பெனிச் சுவரின் நிழலில் பெண்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோர் உடையிலும் நூல் பிசிறு. தம்பியைப் பார்த்ததும் அக்கா நகர்ந்து இடம் விட்டாள்.

"சாப்ட்டியா?"

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"முதல்ல இந்த முட்டையைத் தின்னு."

அவித்த முட்டையை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார். "மாத்திரை மாத்தி, ஒருவேளை கிட்னி போயிடுச்சுன்னா?"

"போனா போகுது. மறுபடி டயாலிசிஸ் பண்ணிக்கிட்டு அடுத்தது என்னன்னு பாக்கலாம்."

"நீ சொல்லிடுவே, போனா போகுதுன்னு. நான் எப்படிக்கா சொல்றது? அது உன்னோடது. வயித்தைக் கிழிச்சு எடுத்துக் குடுத்தே. என் தோலைக் காப்பாத்திக்கறதுக்கு அதை வெச்சு நான் சூதாடறதா? காது போனா என்னோட காது. கை போனா என்னோட கை. அதுல எனக்கு உரிமை இருக்கு. இதுல இல்லை."

அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடி ஓரமாக வைத்தாள்.

"எந்திரி."

"என்னக்கா?"

"எந்திரிடா."

எழுந்தார். ஐம்பதைத் தொடப்போகிற ஆள், கையில் முட்டையோடு.

"என் கிட்னி, என் கிட்னின்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே, அது எதுக்குன்னு நினைச்சே? கொழுப்புடா. பெருமை. எத்தனை பேருக்கு அப்படிச் சொல்லிக்க வாய்க்குது? சொல்லிக்கிட்டேன். அதை நிஜம்னு எடுத்துக்கிட்டு எட்டு வருஷமா என் சாமானைப் பத்திரமா வெச்சுக் காவல் காக்கறியா? நான் தினம் எத்தனை சட்டை செக் பண்ணி அனுப்பறேன். எவன் போட்டுக்கிறான், கறையாக்கறானா, கிழிக்கறானான்னு பின்னாலயே போய்ப் பாக்கறேனா? குடுத்தாச்சுன்னா குடுத்தாச்சு. அது உன்னோடது."

"அப்படி இல்லைக்கா..."

"அப்படித்தான். நான் என்ன, கிட்னியைக் காப்பாத்தறதுக்கா குடுத்தேன்? உன்னைக் காப்பாத்தக் குடுத்தேன். அது குண்டுக்கல்லாட்டம் இருந்து நீ போய்ச் சேந்துட்டா, அதை வாங்கிட்டு வந்து நான் என்ன ஷோகேஸ்லயா வைக்கறது?"

யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். மேஸ்திரிக்கும் சிரிப்பு வந்தது. சிரித்த முகத்தோடு கண்ணும் நிறைந்துவிட்டது. அதை மறைக்க முட்டையை முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.

"மாத்திக்கோ" என்றாள் அக்கா, குரலை இறக்கி. "என் கிட்னி அதுக்கெல்லாம் அசராது."

"இப்பதானே என்னோடதுன்னே?"

"உன்னோடதுதான். என் ஜாடை இல்லாமப் போயிடுமா?"

காதை வெட்டும்போது மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்களே தவிர, நினைவு இருந்தது. "வலியே இல்லை. ஆனா கத்தரிக்கிற சத்தம் காதுக்குள்ளயே கேட்டுச்சு" என்று பார்க்க வந்த எல்லோரிடமும் சொன்னார். மேல் வளைவு போய்விட்டது. மிச்சக் காது, மாடு ஒரு வாய் கடித்துவிட்டுப் போன இலை மாதிரி இருந்தது. மெலிந்த தோல் என்பதால் தையல் பிரிக்க நாள் பிடித்தது. புண் ஆறினபிறகுதான் மாத்திரையை மாற்றினார்கள். புதிய மாத்திரை அதன் பங்குக்கு வாயெல்லாம் புண்ணாக்கியது.

"உன் வாய் முகூர்த்தம்" என்றார் அக்காவிடம், குளிர்ந்த பாலில் பன்னை ஊறவைத்துத் தின்றபடி.

முதல் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியிருந்தது; கிட்னிக்கு அது நல்ல அறிகுறி இல்லை. "பொறுத்துப் பாப்போம்" என்றார் கிட்னி டாக்டர். அந்த வாரம் மேஸ்திரியின் மனைவி பாலை இரண்டு முறை பொங்கவிட்டாள். அக்கா கம்பெனியில் நல்ல சட்டைகளைக்கூட ஒதுக்கித் தள்ளி வசவு வாங்கினாள். வெளியே மட்டும், "முரண்டு பிடிக்காம இருக்குமா? எங்க குடும்பத்துக் கிட்னியாச்சே" என்று சொல்லிக்கொண்டாள். அடுத்த பரிசோதனையில் அது ஏறாமல் நின்றது. அதற்கடுத்ததில் இறங்கியது. மனைவி போனில் சொன்னபோது அக்கா, "எனக்குத் தெரியுமே" என்றாள். போனை வைத்த பிறகு கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்ததைக் கூட வேலை செய்கிறவர்கள்தான் பிறகு எங்களுக்குச் சொன்னார்கள்.

இதற்கிடையில் கட்டட கான்ட்ராக்டர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். கூடவே மேஸ்திரியின் ஆட்களில் ஒருவனான கம்பியும் வந்தான். கம்பி கட்டுகிறவன், ஆளும் கம்பி மாதிரி இருப்பான். அதனால் அந்தப் பெயர்.

"நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க மேஸ்திரி. தளத்துக்கு வேற ஆள் பாத்திருக்கேன்" என்றார் கான்ட்ராக்டர்.

மேஸ்திரி பதில் சொல்வதற்குள் கம்பி பேசினான். "வேற மேஸ்திரி வந்தா வேற ஆளுங்களையும் பாத்துக்குங்க சார். நாங்க வரமாட்டோம்."

"யோவ், நான் என்ன வேணும்னா சொல்றேன்? அவர் வெயில்ல நிக்கக் கூடாதாமே. தளம் என்ன வீட்டுக்குள்ளயா போடறது?"

"அவர் வெயிலுக்கு வரவேண்டாம் சார். நிழலை நாங்க மேல கொண்டு போயிடறோம்."

சொன்னபடியே செய்தார்கள். நாற்றங்காலுக்குப் போடுகிற பச்சை வலையை இரண்டு மடிப்பாக மடித்து, நான்கு மூங்கில் கழிகளில் இழுத்துக் கட்டினார்கள். நான்கு பேர் பிடித்தால் நகர்த்தலாம். மேஸ்திரியின் மனைவி கழுத்துவரை மறைக்கிற அகலத் தொப்பி வாங்கி வந்தாள். புதுக் கிரீமும் வந்தது. இந்த முறை அலமாரிக்குப் போகவில்லை.

தளம் போடுகிற அன்று வெளிச்சம் வந்ததுமே கலவை மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. முழுக்கைச் சட்டை, தொப்பி, முகமும் கையும் வெள்ளை வெளேரென்று மேஸ்திரி சாரத்தில் ஏறி வந்ததைப் பார்த்து ஆட்கள் ஆரவாரம் செய்தார்கள்.

"மேஸ்திரிக்குப் பிரைமர் அடிச்சாச்சு டோய்!"

"பத்து மணிக்கு ரெண்டாவது கோட் இருக்கு" என்றார் மேஸ்திரி. "சிரிச்சது போதும். பீமை முதல்ல நெரப்பு. கம்பிக்கு அடியில கலவை போகணும். குத்து, இன்னும் குத்து."

கீழே மிஷின் கரகரவென்று சுற்றியது. கலவைச் சட்டிகள் கைமாறிக் கைமாறி மேலே வந்தன, காலிச் சட்டிகள் பறந்து கீழே போயின. தளம் போட ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது. நின்றால் அங்கே ஒட்டு விழும், ஒட்டு விழுந்த இடத்தில் நாளைக்குத் தண்ணீர் இறங்கும். தூரத்து மூலையிலிருந்து ஈரச் சாம்பல் நிறம் மெல்ல மெல்லப் பரவிக்கொண்டு வந்தது. அது நகர நகர, பச்சை நிழலும் மேஸ்திரியோடு நகர்ந்தது.

அக்கா அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. தம்பி வேலை செய்வதை அவள் அதுவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. சாரத்துப் பலகையைப் பிடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறி மேலே வந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது.

"யாரும்மா அது? மேல வரக் கூடாது" என்று கத்தினார் கான்ட்ராக்டர்.

"வரலாம் சார்" என்றார் மேஸ்திரி, திரும்பிக்கூடப் பார்க்காமல். பலகை ஏறும்போது வாங்கிய மூச்சை வைத்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. "எங்கக்கா."

அக்கா ஓரமாக, கலவை படாத பலகையில் நின்றாள். இத்தனை ஆட்கள், இத்தனை சத்தம், அதன் நடுவில் தம்பியின் குரல் ஒன்றுதான் எல்லோரையும் நடத்திக்கொண்டிருந்தது. "அங்க மேடு. வழிச்சு எடு." "தண்ணி ஜாஸ்தி, அந்தச் சட்டியைத் திருப்பி அனுப்பு." அதட்டினாலும் முகம் சுளிக்காமல் செய்தார்கள். வீட்டில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பொய் சொல்கிற ஆளை அவளுக்குத் தெரியும். இந்த ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

கடைசி மூலையில் கலவையைச் சமப்படுத்த மட்டப்பலகை இழுத்தவன் கையில் மட்டம் கொஞ்சம் இறங்கியது. மேஸ்திரியின் கண்ணில் அது பட்டுவிட்டது. எதையும் யோசிக்காமல் வலையின் நிழலைத் தாண்ட ஒரு காலைத் தூக்கினார்.

"மேஸ்திரி, நிழலு!"

ஒரு குரல் இல்லை. சட்டி கைமாற்றுகிறவர்கள், கலவை கொட்டுகிறவன், கம்பி, எல்லோரும் ஒரே நேரத்தில் போட்ட சத்தம். மேஸ்திரி தூக்கிய காலை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். கழி பிடித்த நால்வரும் ஓட்டமாக நகர்ந்தார்கள். நிழல் வந்து அவர் தலைக்கு மேல் நின்ற பிறகுதான் அந்தக் காலைக் கீழே வைக்க விட்டார்கள். அவர் குனிந்து மட்டப்பலகையை வாங்கிக்கொண்டார். வெட்டுப்பட்ட காது தொப்பிக்குக் கீழே வெள்ளையாகத் தெரிந்தது.

அக்காவின் பக்கத்தில் நின்ற கான்ட்ராக்டர், "இப்படி ஒரு செட்டு ஆளுங்களை நான் பாத்ததில்லைம்மா" என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மேஸ்திரி அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். முகமெல்லாம் வேர்வை வழிய, கண்ணைச் சுருக்கிக்கொண்டு உச்சி வெயிலில் நின்றிருந்தாள்.

"அக்கா, வெயில்ல நிக்காதே. இப்படி உள்ள வா. இடம் இருக்கு."

"எனக்கென்னடா வந்தது? நான் எவ்வளவு நேரம் வேணும்னாலும் வெயில்ல நிப்பேன். நீ வேலையைப் பாரு."

மேஸ்திரி பலகையைத் தளத்தின் கடைசி ஓரத்தில் வைத்து, ஒரே சீராக, தன் பக்கமாக இழுத்தார். இழுத்த இடத்தில் ஈரம் பளபளத்தது. அக்கா அது முடிகிறவரை நின்று பார்த்தாள்.